சகோதரி சுப்புலட்சுமியும் சாரதா மகளிர் சங்கமும்

(புணே மகளிர் அணியின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "சமூக சேவையில் நம் பெண்மணிகள்". சமுத்திரம் மாதிரியான தலைப்பு. நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பெரிய கேள்வி வந்தால் முதலில் அதைச் சின்னதாக்கிக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இன்று ஒரே ஒரு சங்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 1912-ல் சென்னையில் ஆரம்பித்த சாரதா மகளிர் சங்கம். அந்த நாளில் இங்கிலீஷில் சாரதா லேடீஸ் யூனியன் என்று சொல்வார்கள்.

ஏன் இது என்று கேட்பீர்கள். போன மாதம் நம் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நம் ஹாலுக்குப் பின்னால் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகள் நாள் பூராவும் மணல் மேட்டில் உட்கார்ந்திருக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் ஹால் காலியாகத்தானே இருக்கிறது, இரண்டு மணி நேரம் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று நம் இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேள்விகள் மட்டும் வரிசையாக வந்தன. ராதா கல்யாணம் நடக்கிற இடம் ஆச்சே? உள்ளே மடப்பள்ளி இருக்கே? குழந்தைகள் எங்கே கால் அலம்பும்? ஏதாவது காணாமல் போனால் யார் பொறுப்பு? "நம்மாத்துக் குழந்தைகளுக்கே செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கே" என்று ஒரு மாமி சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் யோசனை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அத்தைப்பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

அத்தைப்பாட்டி என்றால் என் தாத்தாவின் தமக்கை. 1901-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்ரஹாரத்தில் பிறந்தவள். எட்டு வயசில் கல்யாணம், பதினொரு வயசில் எல்லாம் முடிந்தது. புருஷன் முகம் ஞாபகம் இருக்கா என்று நான் குழந்தையில் கேட்டிருக்கிறேன், புத்தியில்லாமல். "காதுல கடுக்கன் போட்டுண்டிருந்தார்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. நார்மடிப் புடவை, மழித்த தலை, ஒரு வேளை சாப்பாடு, பின்கட்டு. இந்த ஹாலில் எழுபது வயசைத் தாண்டின எல்லாருக்கும் இப்படி ஒரு பாட்டி இருந்திருப்பாள். நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நெல் அளக்கிற நாளில் கலமும் மரக்காலுமாக எத்தனை வந்தது, எத்தனை பாக்கி, குத்தகைக்காரருக்கு எவ்வளவு என்று மனசாலேயே சொல்லிவிடுவாள். தாத்தா காகிதத்தில் போட்டு முடிப்பதற்குள் அவள் விடை சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போயிருப்பாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மாதிரி மூளை என் வகுப்பில் நாலைந்து குழந்தைகளுக்குத்தான் இருந்தது.

1958 ஜனவரியில் ஒரு நாள் தாத்தா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சகோதரி சுப்புலட்சுமிக்குப் பத்மஸ்ரீ விருது என்று உரக்க வாசித்தார். பின்கட்டிலிருந்து அத்தைப்பாட்டி குரல் வந்தது: "ஐஸ் ஹவுஸ் சுப்புலட்சுமியா?" தாத்தா பதில் சொல்லாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். எனக்கு அப்போது பத்து வயசு. அது ஏன் என்று பல வருஷம் கழித்துத்தான் அம்மா சொன்னாள்.

1915 வாக்கில், எங்கள் தெருவிலேயே இன்னொரு ஆத்தில் இதே மாதிரி ஒரு பெண் இருந்தாள். அத்தைப்பாட்டியைவிட ஒரு வயசு பெரியவள். பட்டணத்தில் நம்மவா ஆசாரத்தோடேயே ஒரு அம்மாள் இந்த மாதிரிக் குழந்தைகளை வைத்துக்கொண்டு படிக்கவைக்கிறாளாம் என்று கேள்விப்பட்டு, அந்தப் பெண்ணின் தகப்பனார் அவளை ரயிலேற்றி அழைத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். "உங்காத்துக் குழந்தையையும் அனுப்புங்களேன், ரெண்டும் துணையா இருக்கும்" என்று எங்கள் கொள்ளுத்தாத்தாவிடமும் சொல்லியிருக்கிறார். கொள்ளுத்தாத்தா இரண்டு நாள் யோசித்தாராம். அப்புறம் "ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவா" என்று விட்டுவிட்டார். நல்ல மனுஷர். வேதம் படித்தவர். நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்பதற்காகப் பேசாமல் இருந்துவிட்டார், போன மாதம் நான் இருந்த மாதிரி.

இப்போது அந்தப் பட்டணத்து அம்மாளின் கதைக்கு வருகிறேன்.

சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். தகப்பனார் சுப்ரமணிய ஐயர், தாயார் விசாலாக்ஷி. பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர். பெண் குழந்தையிலேயே படிப்பில் கெட்டிக்காரி. வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். சீக்கிரமே அந்தக் குழந்தைக்கும் அதே கதி. ஆனால் தகப்பனார் அவரை மூலையில் உட்கார வைக்க மறுத்துவிட்டார். படிக்கவைத்தார். பந்துக்களும் ஊராரும் சும்மா இருப்பார்களா? அத்தனை பேச்சையும் அந்தக் குடும்பம் வாங்கிக்கொண்டது. வாலாம்பாள் என்று ஒரு சித்தி, அவரும் கணவரை இழந்தவர், இந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்றார். 1911-ல் பிரசிடென்ஸி காலேஜில் சுப்புலட்சுமி பி.ஏ. முதல் வகுப்பில் தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண்மணி அவர்தான்.

பட்டம் வாங்கிக்கொண்டு அவர் தனக்கென்று ஒரு உத்தியோகத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம். தன்னைப் போன்ற குழந்தைகளை எழும்பூரில் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பெண்கள்தான். சித்தி வாலாம்பாள் அவர்களுக்குத் தாயார் ஸ்தானத்தில் இருந்தார். அந்த நாளில் பெண் பள்ளிக்கூடங்களின் இன்ஸ்பெக்டராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் மாது இதற்குப் பக்கபலமாக இருந்தார்.

சர்க்காருக்கு இதில் ஏன் அக்கறை என்று கேட்டால், அங்கேதான் கணக்கு இருக்கிறது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் ஆண் வாத்தியாரிடம் யாரும் அனுப்பமாட்டார்கள். பெண் வாத்தியார் வேண்டும். கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்ப மாமியார் வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள். இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு ஒரு பெண் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எதிர்காலம் என்று ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டுக்கும் விடை வந்துவிடுகிறது. அனாதரவான குழந்தையை ஆசிரியையாக்கு. அவள் நூறு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். சுப்புலட்சுமி கண்டுபிடித்த வழி இது. சர்க்காரும் உதவிப்பணம் கொடுத்தது.

ஆனால் சர்க்கார் பணம் மட்டும் போதாது, ஊரின் சம்மதமும் வேண்டும். அதற்காகத்தான் 1912-ல் சாரதா மகளிர் சங்கம். இதன் அங்கத்தினர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற இல்லத்தரசிகள். வக்கீல் ஆத்து மாமி, டாக்டர் ஆத்து மாமி, குமாஸ்தா ஆத்து மாமி. அவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஒன்றாக உட்காரவும், ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், பெண் படிப்புக்கு ஆதரவாகப் பேசவும் ஒரு இடம் வேண்டும் என்பதுதான் சங்கத்தின் நோக்கம். அந்தச் சங்கத்தின் பேரில்தான் சாரதா இல்லம் நடந்தது. சகோதரி ஒருவரே எல்லாவற்றையும் செய்தார் என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம். அவர் சாமர்த்தியமே, மத்தியான வேளையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற மாமிகளைக் கூட்டி உட்கார வைத்ததில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இல்லம் பெரிதாகப் பெரிதாக இடம் போதவில்லை. கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோம், அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைப்பதற்காக 1842-ல் கட்டினது அது. அப்புறம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் வீடாயிற்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் வந்து தங்கினதும் அங்கேதான். 1917-ல் சர்க்கார் அதை வாங்கியது. கைம்பெண்களின் விடுதிக்கு அது இடமாயிற்று. கிராமத்துப் பின்கட்டிலிருந்து வந்த பதிமூன்று வயசுக் குழந்தை அந்தக் கட்டடத்து ஜன்னலில் நின்று சமுத்திரத்தைப் பார்த்திருக்கும். எங்கள் அத்தைப்பாட்டி கடைசி வரைக்கும் சமுத்திரம் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நம் புணேவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் தினம் கர்வே ரோடில் ஆட்டோ பிடிக்கிறோம். அந்த ரோடு யார் பேரில் இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

பண்டித ரமாபாய் 1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்று ஒரு இல்லம் ஆரம்பித்தார். அதுவும் இளம் விதவைகளுக்குத்தான். அடுத்த வருஷமே அதைப் புணேவுக்குக் கொண்டுவந்தார். ரமாபாய் ஏற்கெனவே கிறிஸ்தவ மதத்தைத் தழுவினவர். ஆனாலும் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்ததால் ஜனங்கள் நம்பி அனுப்பினார்கள். 1893-ல் பெண்கள் பிரார்த்தனைக்கு வருகிறார்கள், மதம் மாறுவார்கள் என்று பெரிய சர்ச்சை. குழுவிலிருந்து அவர்கள் விலகினார்கள்; பெற்றோர் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார்கள். ரமாபாயின் பக்கமா, பெற்றோரின் பக்கமா என்பது வேறு விஷயம். படித்துக்கொண்டிருந்த குழந்தைகள் மறுபடி பின்கட்டுக்குப் போனார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த சாரதா சதனில் படித்த கோதுபாய் என்ற விதவையைத்தான் 1893-ல் தோண்டோ கேசவ கர்வே மணந்துகொண்டார். 1896-ல் அவரே விதவைகளுக்காக ஒரு ஆசிரமம் ஆரம்பித்தார். 1900-ல் அது ஹிங்கணே கிராமத்துக்குப் போயிற்று. இப்போது கர்வேநகர் என்கிறோம். நம் உறுப்பினர்கள் பத்துப் பேர் அங்கே ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். சகோதரி சுப்புலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்த அதே 1958-ல் கர்வேக்கு பாரத ரத்னா. அவருக்கு அப்போது நூறு வயசு.

(ஒரு சின்ன விஷயம். புணேயின் சாரதா சதன், சென்னையின் சாரதா இல்லம், குழந்தைக் கல்யாணத்தைத் தடுத்த 1929-ம் வருஷத்து சாரதா சட்டம், எல்லாம் ஒரே பேர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்துக்குப் பேர் கொடுத்தவர் ஹர் பிலாஸ் சார்தா என்ற அஜ்மீர்க்காரர். அது சரஸ்வதி பேர் இல்லை, அவருடைய குடும்பப் பேர்.)

சென்னையில் இருந்தவர்களுக்குப் புணேயில் நடந்தது நினைவில் இருந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, சுப்புலட்சுமி தன் இல்லத்தில் ஆசாரத்தில் ஒரு குறை வராமல் பார்த்துக்கொண்டார். சமையல், மடி, விரதம் எல்லாம் வீட்டில் எப்படியோ அப்படி. கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்துவைக்கும் இயக்கமாகவும் அதை நடத்தவில்லை. அந்த நாளிலேயே சீர்திருத்தக்காரர்கள் இதைக் குறை சொன்னதுண்டு. பெண்ணைப் படிக்கவைக்கிறீர்கள், ஆனால் அவளைக் கட்டிப்போட்ட கயிற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்களே என்று கேட்டால் அதற்கு என்ன பதில்?

பதில் எங்கள் தெருவில் இருக்கிறது. ஆசாரம் கெடாது என்ற ஒரே தைரியத்தில்தான் அந்தத் தகப்பனார் பெண்ணை ரயிலேற்றினார். அது இல்லாவிட்டால் அவளும் பின்கட்டில்தான் இருந்திருப்பாள்.

அந்தப் பெண் 1958-ல் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். பெண் என்ன, ஐம்பத்தெட்டு வயசுப் பெரியவள். ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி, கையில் தோல்பை. தெருக் குழந்தைகள் எல்லாம் "டீச்சர் மாமி" என்று பின்னால் ஓடினோம். அவள் நேராக எங்கள் ஆத்துக்கு வந்து, திண்ணையில் உட்காராமல், பின்கட்டுக்குப் போய் அத்தைப்பாட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர்கள் பார்த்து. நான் தூண் மறைவில் நின்றேன். இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. அத்தைப்பாட்டி கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நோக்கு மாசம் எவ்வளவுடி பென்ஷன் வரது?"

டீச்சர் மாமி தொகையைச் சொன்னாள். அத்தைப்பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு "வருஷத்துக்கு இத்தனை ஆச்சு" என்று பெருக்கிச் சொன்னாள். "ஆத்துக்கு ஏதாவது குடுக்கணுமா, எல்லாம் நோக்கேதானா?" என்று கேட்டாள். "எல்லாம் நேக்கேதான்" என்றாள் அவள். அதற்கப்புறம் ஊர் விஷயம், மாம்பழம், யார் யார் போய்விட்டார்கள் என்று பேச்சு போய்விட்டது.

அத்தைப்பாட்டி 1971-ல் போனாள். அதுவரைக்கும், எனக்கு முதல் சம்பளம் வந்த நாள் உள்பட, எந்த நல்ல சேதி சொன்னாலும் அந்தப் பென்ஷன் தொகையை ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவாள். பொறாமையாகச் சொல்லமாட்டாள். நெல் கணக்குச் சொல்கிற மாதிரி சொல்லுவாள்.

இத்தோடு நான் உட்கார்ந்துவிட்டால் கை தட்டுவீர்கள். ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இன்று நான் பேச வந்ததே வீண்.

ஆசாரம் கெடாமல் பார்த்துக்கொண்ட இல்லம் யாருக்காக நடந்தது? பிராமணப் பெண்களுக்காக. நம் வீட்டுக் குழந்தைகள் உள்ளே வருவதற்காகத் திறந்த கதவு மற்றவர்களுக்குச் சாத்தித்தான் இருந்தது. சகோதரி பிறந்த அதே 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினவர். 1930-ல் அந்தக் குலத்துப் பெண் குழந்தைகள் சிலர் அந்த வாழ்க்கை வேண்டாமென்று அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஊரில் இருந்த விடுதிகள் தயாராக இல்லை. நம்மவர்களுக்கான விடுதி ஒன்று, மற்ற ஜாதியாருக்கான விடுதி ஒன்று என்று இருந்ததே தவிர, இந்தக் குழந்தைகளுக்கு இடமில்லை. டாக்டர் அம்மாள் அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித்தான் ஔவை இல்லம் ஆரம்பித்தது. ஜாதி பார்க்காமல் எந்தப் பெண் குழந்தைக்கும் அங்கே இடம்.

ஆக, இரண்டு பேரும் ஒரே வயசு, ஒரே பட்டணம். ஒருவர் ஊரைப் பகைத்துக்கொள்ளாமல் ஒரு கதவைத் திறந்தார். அந்தக் கதவில் நுழைய முடியாதவர்களுக்காக இன்னொருவர் தன் வீட்டுக் கதவையே திறக்க வேண்டி வந்தது. சகோதரி செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 1912-ல் அதைவிட ஒரு அடி கூட எடுத்து வைத்திருந்தால் எங்கள் தெருப் பெண் வந்திருக்கமாட்டாள். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, அதை வேறு யாருடைய குழந்தைகளோ கொடுத்தார்கள். இது நம் புத்தகங்களில் அடிக்கடி விட்டுப்போகிறது.

சகோதரி அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் பிரின்ஸிபால் ஆனார். சர்க்கார் உத்தியோகம் என்பதால் மாதர் சங்கத்தில் பகிரங்கமாக அங்கத்தினராக முடியவில்லை. கூட்டங்களுக்கு மட்டும் போய்விடுவார். சாரதா மகளிர் சங்கத்தின் பேரில் சாரதா வித்யாலயா பள்ளி உண்டாயிற்று. அதை 1938-ல் ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. தி.நகரில் அதைத் தெரியாதவர் இல்லை. 1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் நியமன அங்கத்தினர். மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பின் தலைவியாக 1956-ல் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைய வித்யா மந்திர். பேரன் பேத்திக்கு அங்கே ஸீட் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் இந்த ஹாலில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. 1954-ல், அறுபத்தெட்டாவது வயசில், தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூகநல மையம் அமைய அவர் முக்கிய காரணமாக இருந்தார். மயிலாப்பூர் எங்கே, மாடம்பாக்கம் எங்கே! அந்தக் காலத்தில் அது வயல் நடுவில் ஒரு கிராமம். எழும்பூர் வீட்டில் நம் வீட்டுக் குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர் அங்கே போய்ச் சேர நாற்பது வருஷம் ஆயிற்று. நமக்கும் அவ்வளவு வருஷம் வேண்டுமா என்பதுதான் என் சந்தேகம்.

சங்கத்தில் இருந்த மாமிகளில் ஒருவர் பேரை மட்டும் சொல்கிறேன். அம்புஜம்மாள். வக்கீல் எஸ். சீனிவாச ஐயங்காரின் பெண். வைரத்தோடு போட்டுக்கொண்டு சௌக்கியமாக வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். சாரதா வித்யாலயாவுக்குப் போய்ப் பகுதி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1929 முதல் 1936 வரை சாரதா மகளிர் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார். அங்கே கற்றுக்கொண்ட தொழிலைத்தான் அவர் 1948-ல் தேனாம்பேட்டையில் ஸ்ரீனிவாச காந்தி நிலையமாக ஆரம்பித்தார் என்று நான் நினைக்கிறேன். அங்கே ஏழைக் குழந்தைகளுக்குப் பாலும் கஞ்சியும் மருந்தும் இலவசம். எந்த ஜாதிக் குழந்தை என்று கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுகிறது வெட்டி வேலை என்று நம்மில் சிலர் அலுத்துக்கொள்கிறோமே, அதற்காகச் சொன்னேன்.

சகோதரி 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி தினத்தில், காலமானார். அவருடைய வாழ்க்கையை மோனிகா ஃபெல்டன் என்ற இங்கிலீஷ் மாது 1966-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். நம் சங்க நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கச் சொல்லி மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். காரியதரிசி சிரிக்கிறார். சிரித்தால் போதாது.

இப்போது நம் ஹாலுக்கு வருகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயற்குழு மறுபடி கூடுகிறது. சனிக்கிழமை வகுப்பை நானே முன்மொழியப் போகிறேன். கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கால் அலம்ப வாசல் குழாய் இருக்கிறது. நாமும் அங்கேதான் அலம்பிக்கொண்டு வருகிறோம். ராதா கல்யாணம் வருஷத்தில் இரண்டு நாள். அந்த வாரம் வகுப்பை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம். சாமான் காணாமல் போனால் என் பென்ஷனிலிருந்து தருகிறேன். நேக்கும் வரது, எல்லாம் நேக்கேதான்.

மடப்பள்ளியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அந்த இரண்டு மணி நேரமும் மடப்பள்ளி பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில் இருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு முழு மனசு இல்லை. குழந்தைகள் அந்தப் பூட்டைப் பார்க்கும், அது எதற்கு என்று அவர்களுக்குப் புரியும். குழந்தைகளுக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும். ஆனாலும் பூட்டோடு ஆரம்பிப்பதா, ஆரம்பிக்காமலே இருப்பதா என்றால் நான் பூட்டோடு ஆரம்பிக்கிறேன். அதை எப்போது கழற்றுவது என்பதை ஆறு மாதம் கழித்து செயற்குழுவில் ஒரு விஷயமாக வைக்கும்படி இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒத்திவைக்க முடியாதபடி தேதி போட்டு.

எனக்கு நாலு பேர் வேண்டும். ஹிந்தி நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், மராட்டி தெரிந்தவர் ஒருவர். கட்டடத்தில் தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் இருக்கின்றன, மெஹபூப்நகர் பக்கத்துக்காரர்கள். செகந்திராபாத்தில் இருந்த மாமிகள் கொஞ்சம் யோசியுங்கள். நாலாவது ஆள் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டால் போதும். அக்கா படிக்க வரும்போது இடுப்பில் தம்பி இருப்பான். அவனை யாராவது வாங்கிக்கொள்ளாவிட்டால் அவள் எழுத முடியாது.

காபி தயாராகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறேன், வாசல் மேஜையில் இருக்கும். பேர் கொடுக்கிறவர்கள் போன் நம்பரையும் கொஞ்சம் புரிகிற மாதிரி எழுதிவிட்டுப் போங்கள்.